நான் உப்பு போடாத நாலு வாரம்

அன்புள்ள மாமாவுக்கு,

'அன்புள்ள' என்று எழுதிவிட்டு இரண்டு நாள் இந்தத் தாளைத் தொடவில்லை. அதை அடித்துவிட்டு வேறு வார்த்தை போடலாமா என்று யோசித்தேன். உங்களுக்கு அடித்தல் திருத்தல் பிடிக்காது. அதனால் அது அப்படியே இருந்துவிட்டுப் போகட்டும்.

வருகிற மாசியோடு நீங்கள் போய் ஒரு வருஷம் ஆகிறது. உங்கள் பழைய மாணவர்கள் சேர்ந்து நினைவு மலர் போடுகிறார்கள். வீட்டில் ஆளுக்கொரு கட்டுரை கேட்டார்கள். உங்கள் மகன், அதாவது என் கணவர் பாஸ்கர், நீங்கள் தினமும் காலையில் ஷூவுக்கு பாலிஷ் போடும் நேர்த்தியைப் பற்றி எழுதிக் கொடுத்துவிட்டார். எங்கள் மகள் யாழினி, தாத்தா சொல்லிக்கொடுத்த ஸ்பெல்லிங் விளையாட்டைப் பற்றி எழுதினாள். எனக்குக் கொடுத்த தலைப்பு 'மருமகள் பார்வையில் பேராசிரியர்'.

போன மாதம் அட்டைப்படத்தை அனுப்பியிருந்தார்கள். கோட் போட்ட உங்கள் படம். கீழே கொட்டை எழுத்தில் 'பூமியின் உப்பு'.

நான் சிரித்தேன் மாமா. பாஸ்கர் முறைத்தார். கல்யாணமான புதிதில் அந்த ஆங்கிலச் சொற்றொடருக்கு நான்தான் உங்களிடம் அர்த்தம் கேட்டேன், ஞாபகம் இருக்கிறதா? "உடம்பு உழைச்சு சாப்பிடறவன், சூது வாது தெரியாதவன், தன்னைப் பெருசா நினைக்காதவன். அவனைத்தான் வெள்ளைக்காரன் பூமியோட உப்புன்னு சொல்லுவான். பெரிய மனுஷனைச் சொல்ல மாட்டான்" என்றீர்கள். உங்கள் மாணவர்களுக்கு மட்டும் இதைச் சொல்லிக்கொடுக்காமல் விட்டுவிட்டீர்களா?

இதைப் படிக்கிறவர்களில் உங்களைத் தெரியாதவர்களும் இருப்பார்கள். அவர்களுக்காகக் கொஞ்சம் சொல்கிறேன். நீங்கள் முப்பது வருஷத்துக்கு மேல் கல்லூரியில் ஆங்கிலம் நடத்தியவர். ஆங்கிலேயர்களின் பழக்கவழக்கங்களில் உங்களுக்குப் பைத்தியம். அதிலும் உப்பைப் பற்றிப் பேச ஆரம்பித்தால் நிறுத்த மாட்டீர்கள். அவர்கள் ஒருத்தன் சொல்வதை முழுசாக நம்பாவிட்டால் அதை ஒரு சிட்டிகை உப்போடு எடுத்துக்கொள் என்பார்கள். சம்பளத்துக்கு லாயக்கில்லாதவனை அவனுடைய உப்புக்குப் பெறாதவன் என்பார்கள். இதையெல்லாம் நான் புத்தகத்தில் படிக்கவில்லை. உங்கள் சாப்பாட்டு மேஜையில், பரிமாறிக்கொண்டே கற்றுக்கொண்டேன்.

மயிலாப்பூர் வீட்டில் அந்த எட்டு பேர் மேஜையின் நடுவில் ஒரு வெள்ளி உப்புக் கிண்ணம் இருக்கும். லண்டனில் ஒரு வருஷம் படிக்கப் போனபோது வாங்கி வந்தது. மூன்று குட்டிக் கால்கள், உள்ளே நீலக் கண்ணாடி. அந்தக் காலத்து இங்கிலாந்தில் பிரபுக்கள் வீட்டு நீள மேஜையின் நடுவில் இப்படித்தான் உப்பை வைப்பார்களாம். அதற்கு மேல்பக்கம் எஜமானனும் கௌரவமானவர்களும். கீழ்ப்பக்கம் வேலைக்காரர்களும் ஏழை உறவும். உப்புக்கு மேலே, உப்புக்குக் கீழே. ஆள் யாரென்று நாற்காலியைப் பார்த்தே தெரிந்துவிடும்.

உங்களுக்கு அது வெறும் தகவல் இல்லை. நீங்களும் பாஸ்கரும் உங்கள் நண்பர்களும் எப்போதும் மேல்பக்கம். எனக்குச் சமையலறைக் கதவை ஒட்டிய கடைசி நாற்காலி. அத்தைக்கு நாற்காலியே கிடையாது. எல்லாரும் எழுந்த பிறகு சமையலறையில், தரையில்.

என் அப்பாவை நீங்கள் எங்கே உட்கார வைத்தீர்கள் என்பதைத்தான் நான் எழுத வந்தேன்.

கல்யாணம் முடிந்து முதல் விருந்து. அப்பா வடபழனியிலிருந்து பஸ்ஸில் வந்தார். சினிமா லைட்மேன் கோதண்டம் என்றால் ஸ்டூடியோ வட்டாரத்தில் தெரியாதவர்கள் கிடையாது. புதுச் சட்டை, மடிப்புக் கலையவில்லை. முழுக்கையைப் பட்டன் போட்டு மூடியிருந்தார். முன்னங்கை இரண்டிலும் லைட் சுட்ட தழும்புகள் இருந்தன. சம்பந்தி வீட்டில் அது தெரிய வேண்டாம் என்று நினைத்திருப்பார். அம்மா எனக்குப் பத்து வயசாகும்போதே போய்விட்டாள். அதனால் அப்பா மட்டும்தான் வந்தார், கையில் ஒரு டஜன் ரஸ்தாளிப் பழத்தோடு.

உங்களோடு வேலை பார்த்த இரண்டு பேராசிரியர்களும் வந்திருந்தார்கள். நீங்கள் எழுந்து நின்று, ஒவ்வொருவருக்கும் கை காட்டி இடம் சொன்னீர்கள். "சார், நீங்க அங்க" என்று என் அப்பாவுக்கு என் நாற்காலியைக் காட்டினீர்கள். "செல்வி பரிமாறட்டும்" என்றீர்கள். புதுப்பெண்ணை உட்கார வைப்பார்கள் என்று அப்பா ஒரு நிமிஷம் தயங்கி நின்றார். அப்புறம் உட்கார்ந்தார்.

பிறகு நீங்கள் அந்தக் கிண்ணத்தின் கதையை ஆங்கிலத்தில் சொல்ல ஆரம்பித்தீர்கள். அழகான ஆங்கிலம். உப்புக்குக் கீழே என்று வந்த இடத்தில் கையை நீட்டி மேஜையின் கடைசியைக் காட்டினீர்கள். நண்பர்கள் சிரித்தார்கள். அவர்கள் சிரித்ததால் அப்பாவும் சிரித்தார். பாஸ்கர் தட்டையே பார்த்துக்கொண்டிருந்தார்.

அதோடு முடியவில்லை. அப்பாவுக்குச் சாம்பாரில் உப்பு பத்தவில்லை. எட்டி அந்தக் கிண்ணத்தை எடுக்கப் போய், விரல் பட்டு உப்பு மேஜையில் சிந்திவிட்டது. "அய்யய்யோ, மன்னிச்சுக்கோங்க சார்" என்று உள்ளங்கையால் கூட்டி அள்ளப் பார்த்தார்.

"அள்ளாதீங்க" என்றீர்கள், தமிழில். "உப்பு சிந்தினா கெட்ட சகுனம்னு இங்கிலீஷ்காரங்க சொல்லுவாங்க. சாத்தான் இடது தோளுக்குப் பின்னாடி வந்து நிப்பானாம். ஒரு சிட்டிகை எடுத்து அந்தப் பக்கமா எறிங்க, அவன் கண்ணுல போய் விழணும்."

அப்பா நீங்கள் சொன்னதைச் செய்தார். பெரியவர் சொல்கிறாரே என்று கண்ணை மூடிக்கொண்டு எறிந்தார். அவருடைய இடது தோளுக்குப் பின்னால் ரசக் கரண்டியோடு நான் நின்றுகொண்டிருந்தேன்.

உங்கள் நண்பர் ஒருவர் சிரித்துச் சிரித்துப் புரையேறித் தண்ணீர் குடித்தார். நான் கண்ணைக் கழுவிக்கொண்டு வந்து மோர் பரிமாறினேன்.

அப்பாவை பஸ் ஏற்றிவிட லஸ் முனை வரைக்கும் நடந்து போனேன். "சார் இங்கிலீஷ்ல இன்னாம்மா சொன்னாரு? என்னாண்ட கை காமிச்சாரே" என்று கேட்டார்.

"உன்னைப் பத்தி நல்லாத்தான்பா சொன்னாரு."

"நல்ல மனுசன்மா. இம்மாம் பெரிய படிப்பு படிச்சிட்டு, நம்மகூட ஒண்ணா குந்தி துண்றாரு பாரு."

அதற்குப் பிறகு மூன்று வருஷம்தான் உயிரோடு இருந்தார். தன் சம்பந்தி ஆங்கிலத்திலேயே தன்னைப் பாராட்டிப் பேசினார் என்று யூனிட்டில் பார்க்கிறவர்களிடமெல்லாம் சொல்லியிருக்கிறார். சாவுக்கு வந்த நாலு பேர் அதை என்னிடமே சொன்னார்கள். முப்பது வருஷம் ஸ்டூடியோவில் ஆங்கிலம் காதில் விழுந்த மனிதர். நிஜமாகவே அவருக்குப் புரியவில்லையா, இல்லை எனக்காகப் புரியாத மாதிரி இருந்தாரா? இது எனக்கு இன்றுவரை தெரியாது.

நீங்கள் கெட்டவர் என்று மட்டும் எழுதினால் அது பொய். ஏழை மாணவர்களை வீட்டுக்கு வரவழைத்துப் பாடம் சொல்லியிருக்கிறீர்கள். யாழினிக்குக் காய்ச்சல் வந்தால் ராத்திரி முழுக்கப் பக்கத்தில் உட்கார்ந்திருப்பீர்கள். நான் அடையாறில் ரத்தப் பரிசோதனை லேபில், மத்தியானத்தோடு முடிகிற ஷிப்டில் வேலைக்குப் போக நீங்கள் தடை சொன்னதில்லை. உங்களுக்கு அடுத்தவர் மேல் வெறுப்பே கிடையாது. ஒவ்வொருவருக்கும் ஒரு நாற்காலி உண்டு, அதிலிருந்து எழுந்திருக்கக் கூடாது, அவ்வளவுதான்.

பத்து வருஷம் நான் எழுந்திருக்கவில்லை.

அப்புறம் உங்களுக்கு இதயம் பலவீனமானது. கால் வீங்கியது. டாக்டர் நீர் மாத்திரை கொடுத்து, உப்பைப் பாதியாகக் குறைக்கச் சொன்னார். குறைத்தோம். ஊறுகாய், அப்பளம், கருவாடு எல்லாம் நின்றது. முணுமுணுத்துக்கொண்டே சாப்பிட்டீர்கள். இரண்டு மாதம் கழித்து மறுபடி ரத்தம் பார்த்தபோது சோடியம் கொஞ்சம் இறங்கியிருந்தது. ரிப்போர்ட்டைக் காட்ட நானும் பாஸ்கரும் போனோம். அவர் காரை நிறுத்த இடம் தேடிக்கொண்டிருந்ததால் நான் மட்டும் உள்ளே போனேன்.

"வீக்கம் வடிஞ்சிருக்கு. ஆனா சோடியம் இறங்குது. இனிமே சாப்பாட்டுல சாதாரணமா உப்பு போடுங்க. ஊறுகாய் மட்டும் வேண்டாம்" என்றார் டாக்டர்.

வழியெல்லாம் பாஸ்கர் ஆபீஸ் போனில் பேசிக்கொண்டே வந்து, என்னை வாசலில் இறக்கிவிட்டுப் போய்விட்டார். அதைச் சொல்லத்தான் வீட்டுக்கு வந்தேன் மாமா. சத்தியமாக அதைச் சொல்லத்தான் வந்தேன்.

அன்றைக்கு அப்பாவின் திதி. காலையில் அவர் படத்தை ஹாலில் மாட்டி, பூ வைத்து, விளக்கு ஏற்றிவிட்டுத்தான் லேபுக்குப் போயிருந்தேன். பத்து வருஷத்தில் உங்கள் சுவரில் நான் அடித்த முதல் ஆணி அது. டாக்டரைப் பார்த்துவிட்டு வந்தபோது படம் சுவரில் இல்லை. என் கட்டில் மேல் கிடந்தது. பூ தனியாகக் கிடந்தது.

நீங்கள் பேப்பரிலிருந்து தலையை எடுக்காமல், "ஹால்ல வேண்டாம்மா. வர்றவங்க யாருன்னு கேப்பாங்க" என்றீர்கள். அப்புறம், "டாக்டர் என்ன சொன்னார்?"

"உப்பு சுத்தமா கூடாதுன்னுட்டார்" என்றேன்.

யோசித்துச் சொன்னது இல்லை. ஆனால் மறுநாள் காலையில் யோசித்தேன். அதற்கு மறுநாளும் யோசித்தேன். நாலு வாரம் ஒவ்வொரு நாளும் யோசித்து, ஒவ்வொரு நாளும் உங்களுக்கு மட்டும் தனியாகச் சமைத்தேன். கோபத்தில் செய்துவிட்டேன் என்று யாராவது எனக்காகப் பேசுவார்கள். அவர்கள் பேச வேண்டாம். அது கோபம் இல்லை. எனக்கு அது ருசித்தது.

முதல் வாரம் சத்தம் போட்டீர்கள். உப்பில்லாப் பண்டம் குப்பையிலே என்று நம் ஊர்ப் பழமொழியெல்லாம் உங்கள் வாயில் வந்தது. இரண்டாவது வாரம் அந்த வெள்ளிக் கிண்ணத்தை எடுத்துப் பார்த்தீர்கள். கழுவித் துடைத்து வைத்திருந்தேன். ஒரு பொடி கூட இல்லை. மூன்றாவது வாரம் யாழினியின் சிப்ஸ் பொட்டலத்தை வாங்கி சட்டைப் பைக்குள் வைத்துக்கொண்டீர்கள். நான் கையை நீட்டினேன். நீங்கள் கொடுத்துவிட்டீர்கள். விரலில் ஒட்டியிருந்த பொடியை நக்கிக்கொண்டீர்கள். நான் பார்த்தேன், பார்த்துக்கொண்டேதான் நின்றேன்.

அன்று மத்தியானம் சாப்பிடும்போது ஆள் யாரும் இல்லை. பாஸ்கர் ஆபீசில், குழந்தை ஸ்கூலில், அத்தை உள்ளே. "செல்வி" என்றீர்கள். "ஒரே ஒரு சிட்டிகைம்மா. வாயெல்லாம் மரம் மாதிரி இருக்கு."

நான் சொன்னேன்: "உப்புக்குக் கீழே உக்காந்தவங்களுக்கு உப்பு எட்டாது மாமா. நீங்க சொல்லிக்கொடுத்ததுதான்."

நீங்கள் என்னை நிமிர்ந்து பார்த்தீர்கள். உங்களுக்கு அந்த நிமிஷமே புரிந்துவிட்டது என்றுதான் நினைக்கிறேன். ஆனால் ஒன்றும் கேட்கவில்லை. பருப்புச் சாதத்தைப் பிசைந்து கடைசிப் பருக்கை வரைக்கும் சாப்பிட்டீர்கள். ஏன் கேட்கவில்லை? டாக்டருக்கு ஒரு போன் போட்டிருந்தால் முடிந்திருக்குமே?

நாலாவது வாரம் பேச்சு குழற ஆரம்பித்தது. ஒரு காலைப் பொழுதில் ஹாலில் நின்று, காலி நாற்காலிகளைப் பார்த்துப் பாடம் எடுத்தீர்கள். பாஸ்கரை யாரென்று கேட்டீர்கள். லேபில் நான் தினமும் பார்க்கிற வேலைதான் மாமா. வயசானவருக்குச் சோடியம் இறங்கினால் என்ன ஆகும் என்று அந்த வீட்டில் எனக்கு மட்டும்தான் தெரியும். அன்றைக்கும் நான் ரசத்தில் உப்பு போடவில்லை.

மறுநாள் நீங்கள் குளியலறை வாசலில் விழுந்தீர்கள். நெற்றியில் அடி. நான்தான் ரத்தம் எடுத்தேன். என் கையாலேயே மெஷினில் வைத்தேன். சோடியம் நூற்றுப் பதினெட்டு. நூற்று முப்பத்தைந்துக்குக் கீழே போனாலே குறைவு, நூற்று இருபதுக்குக் கீழே என்றால் நாங்கள் உடனே டாக்டரைக் கூப்பிட்டுச் சொல்லுவோம். அந்தக் காகிதத்தைப் பிடித்தபடி லேபில் உட்கார்ந்திருந்தேன். கூட வேலை பார்க்கிற பெண் "இன்னாக்கா, யாரோடது இது?" என்று எட்டிப் பார்த்தாள். "எங்க மாமனாரோடது" என்று சொன்ன பிறகுதான் எழுந்து பாஸ்கருக்கு போன் போட்டேன்.

தி.நகரில் ஆஸ்பத்திரியில் சேர்த்தோம். உப்புத் தண்ணீரைத்தான் சொட்டுச் சொட்டாக ஏற்றினார்கள். வேகமாக ஏற்றினால் மூளைக்கு ஆபத்து என்று இரண்டு நாள் எடுத்துக்கொண்டார்கள். மூன்றாம் நாள் உங்களுக்கு நினைவு தெளிந்தது. நம் டாக்டர் வந்தார். பாஸ்கரும் நானும் கட்டில் பக்கத்தில் நின்றோம்.

"சாதாரணமா உப்பு போடச் சொல்லியிருந்தேனே, போடலையா?" என்று என்னைப் பார்த்துக் கேட்டார்.

படுக்கையிலிருந்து உங்கள் குரல் வந்தது. "அவ போட்டா டாக்டர். நான்தான் வேண்டாம்னுட்டேன். பழகிடுச்சு."

பாஸ்கர் உங்களைத் திட்டினார். நீங்கள் என்னைப் பார்த்துச் சிரித்தீர்கள். அன்றைக்கு அதை மன்னிப்பு என்று நினைத்து, ஆஸ்பத்திரி மாடிப்படியில் உட்கார்ந்து அழுதேன். எவ்வளவு முட்டாள்.

வீட்டுக்கு வந்த முதல் நாள் மத்தியானம், உங்களுக்கு வலது பக்கத்து நாற்காலியை நீங்களே இழுத்துப் போட்டு, "இனிமே செல்வி இங்கதான்" என்றீர்கள். உப்புக்கு மேலே. பாஸ்கருக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. நீங்கள் மாறிவிட்டீர்கள் என்று என்னிடம் நெகிழ்ந்து போய்ச் சொன்னார். நீங்கள் வெள்ளிக் கிண்ணத்தை என் பக்கம் தள்ளினீர்கள். "நீயே போடு. அளவு உனக்குத்தான் தெரியும்."

எட்டு மாசம். ஒரு வேளை விடாமல். சாதம் வந்ததும் கையை மடியில் வைத்துக்கொண்டு காத்திருப்பீர்கள். நான் சிட்டிகை எடுத்துத் தூவும் வரை தொட மாட்டீர்கள். பார்க்க வந்தவர்களிடமெல்லாம், "என் மருமகள்தான் எனக்கு உப்பு போடறா. அவ கையில்தான் என் உயிர்" என்பீர்கள். அவர்கள் என்னை வாயாரப் புகழ்வார்கள். பெற்ற மகள்கூட இப்படிப் பார்த்துக்கொள்ள மாட்டாள் என்பார்கள். நீங்கள் என் முகத்தையே பார்த்துக்கொண்டிருப்பீர்கள்.

ஒரு தடவை, "தின்ன உப்புக்கு உண்மையா இருக்கறதுன்னு இங்கிலீஷ்லயும் ஒண்ணு உண்டு செல்வி. நம்ம 'உப்பிட்டவரை உள்ளளவும் நினை' மாதிரிதான். ஆனா உப்பு போடாதவரை என்ன பண்ணணும்னு ரெண்டு பாஷையிலயும் இல்லை" என்றீர்கள். பாஸ்கர் அதை ஜோக் என்று நினைத்துச் சிரித்தார். சமையலறை வாசலில் இருந்த என் பழைய நாற்காலிக்கு ஏங்கினேன் மாமா. நீங்கள் என்னை எதில் உட்கார வைத்தீர்கள் என்று உங்களுக்கும் எனக்கும் மட்டும்தான் தெரியும் என்று நினைத்திருந்தேன்.

மாசியில் ஒரு மத்தியானம் சாய்வு நாற்காலியில் தூங்கினீர்கள், எழுந்திருக்கவில்லை. இதயம் நின்றுவிட்டது என்றார் டாக்டர். உப்புக்கும் அதற்கும் சம்பந்தமில்லை என்று நான் மூன்று தடவை கேட்டு உறுதி செய்துகொண்டேன். நாலாவது தடவை கேட்டபோது அவர் என்னை ஒரு மாதிரி பார்த்தார்.

ஐஸ் பெட்டியில் உங்களை வைத்திருந்தபோது, உங்கள் மாணவர் ஒருவர் வகுப்பில் நீங்கள் சொன்னதை நினைவுபடுத்தினார். இங்கிலாந்துப் பக்கத்துக் கிராமங்களில் செத்தவர் நெஞ்சின் மேல் ஒரு தட்டில் உப்பு வைப்பார்களாம், கெட்டது எதுவும் அண்டக்கூடாது என்று. "சாருக்கு அது பிடிக்கும்" என்றார். எல்லாரும் என்னைத்தான் பார்த்தார்கள். உங்களுக்கு உப்பு போடுகிறவள் நான்தானே. எவர்சில்வர் தட்டில் கல் உப்பைக் கொட்டி, கண்ணாடிக்கு மேல், உங்கள் நெஞ்சுக்கு நேராக வைத்தேன்.

பெட்டி கொண்டுவந்த ஆள், "இன்னாக்கா இது, பொட்டி மேல போய் உப்பை வச்சிகிறீங்க" என்று கேட்டுவிட்டுப் போனார். மதியத்துக்குள் கண்ணாடியில் முத்து முத்தாக வேர்த்த ஈரத்தில் அது கரைந்து, தட்டு முழுக்கத் தண்ணீர் நின்றது. அத்தை தலைமாட்டிலிருந்து எழுந்து வந்து, "எடுத்துடு செல்வி. போதும்" என்றார். எனக்கு அன்று அந்த 'போதும்' புரியவில்லை.

இனி இப்போதைய செய்தி.

அட்டைப்படத்தைப் பார்த்து நான் சிரித்த அன்றைக்கே பாஸ்கரிடம் எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன். அவர் கத்தவில்லை. "என்கிட்ட சொல்லியிருக்கலாமே" என்றார்.

"எதைச் சொல்லியிருக்கணும்? உங்க அப்பா எங்கப்பாவுக்குப் பண்ணதையா? அந்த மேஜையில நீங்களும் இருந்தீங்களே."

அவர் பையை எடுத்துக்கொண்டு கிளம்பினார். கொட்டிவாக்கத்தில் ஒரு நண்பர் வீட்டுக்குப் போய் நாலு நாள் இருந்துவிட்டு வந்தார். இப்போது வீட்டில்தான் இருக்கிறார். யாழினி முன்னால் பேசிக்கொள்கிறோம். அவர் என்னோடு இருப்பாரா என்று தெரியவில்லை. இருக்கச் சொல்லி நான் கேட்கவும் இல்லை.

அத்தையிடம் அவர்தான் சொல்லியிருக்கிறார். மறுநாள் அத்தை பீன்ஸ் நறுக்கிக்கொண்டிருந்தார். நான் போய் நின்றேன். நிமிராமலே பேசினார்.

"எனக்கு அப்பவே தெரியும்."

"எப்ப அத்தை?"

"ரசத்தை நான்தானே ஊத்தி எடுத்துட்டுப் போனேன். மொத நாளே நாக்குல வச்சுப் பாத்தேன். டாக்டர் சொன்னதாச்சேன்னு விட்டுட்டேன். அடுத்த வாரம் டாக்டரோட கிளினிக்லேர்ந்து ஒரு பொண்ணு போன் பண்ணுச்சு, நீ லேபுக்குப் போயிருந்தே. உப்பு சேத்தீங்களா, மாமா எப்படி இருக்காருன்னு கேட்டுச்சு."

"நீங்க என்ன சொன்னீங்க?"

"சேத்தாச்சும்மா, நல்லா இருக்காருன்னு சொன்னேன்."

கத்தி ஓடிக்கொண்டே இருந்தது. "ஏன் அத்தை?" என்று கேட்டேன்.

"நாப்பத்தாறு வருஷம் அவர் சாப்பிட்டு எழுந்தப்புறம் சாப்பிட்டவ நான். கெஞ்சினா அந்த முகம் எப்படி இருக்கும்னு பாக்கணும்னு இருந்துச்சு." காயைத் தண்ணீரில் போட்டார். "கதவுக்குப் பின்னாடி நின்னு பாத்தேன்."

ஆக, நீங்கள் அந்த வீட்டில் பசியோடு உட்கார்ந்திருந்த நாலு வாரமும் இரண்டு பெண்கள் பார்த்துக்கொண்டிருந்தோம். ஒருத்தி முன்னால், ஒருத்தி பின்னால். உங்களுக்கு என்னை மட்டும்தான் தெரியும். அந்த எட்டு மாசத் தண்டனையில் பாதி அத்தைக்குச் சேர வேண்டியது. அதைக்கூட நான் ஒருத்தியே வாங்கிக்கொண்டேன்.

அத்தைக்கு இப்போது ரத்த அழுத்தம். உப்பைக் குறைக்கச் சொல்லியிருக்கிறார்கள். மூட்டு வலியால் அடுப்படியில் நிற்க முடிவதில்லை, நான்தான் சமைக்கிறேன். அன்று மத்தியானம் நாங்கள் இரண்டு பேரும் மேஜையில் எதிரெதிரே உட்கார்ந்தோம். நான் இரண்டு தட்டிலும் பரிமாறினேன். அத்தை சாப்பாட்டைப் பார்த்தார். பிறகு தன் தட்டை என் பக்கம் நகர்த்திவிட்டு, என் தட்டை எடுத்துக்கொண்டார். நான் அவர் தட்டிலிருந்து சாப்பிட ஆரம்பித்த பிறகுதான் அவர் என் தட்டில் கை வைத்தார்.

அன்றிலிருந்து தினமும் அப்படித்தான். யாழினி இதை ஏதோ விளையாட்டு என்று நினைத்துக்கொண்டு தன் தட்டையும் மாற்றச் சொல்கிறாள்.

மாமா, உங்களிடம் நான் மன்னிப்புக் கேட்கவில்லை. நீங்கள் என் அப்பாவிடம் கேட்காமலே போனீர்கள், நானும் கேட்காமலே இருந்துவிடுகிறேன். இந்தக் கட்டுரையை மலரில் போட மாட்டார்கள். அதனால் வேறு பத்திரிகைக்கும் ஒரு பிரதி அனுப்பியிருக்கிறேன். ஒன்று மட்டும் உறுதி சொல்கிறேன். அத்தை உயிரோடு இருக்கும் வரைக்கும், என்ன சமைத்தாலும் அவர் கண் முன்னால் முதல் கவளத்தை நான் சாப்பிடுவேன். அவர் என்னை நம்ப வேண்டும் என்பதற்காக இல்லை. அவர் நம்ப மாட்டார். நம்பாமலே அவருக்கு வயிறு நிறைய வேண்டும்.

இப்படிக்கு,
லைட்மேன் கோதண்டத்தின் மகள்,
உங்கள் மருமகள்
செல்வி